குழாய்க்குள் புகுந்த மேகம்

மேகத்தை நான் வைத மாதிரி எங்கள் தெருவில் வேறு யாரும் வைதிருக்க மாட்டார்கள். காரைக்குடியில் மழைக்கு ஏங்காத வீடு கிடையாது. நாலு தூறல் விழுந்தால் போதும், குடம் குண்டான் எல்லாம் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். நான் மட்டும் அந்த நோன்பு மாசம் முழுக்க வானத்தைப் பார்த்து, போ, அங்குட்டுப் போ, தேவகோட்டையில் போய்ப் பெய் என்று கையை ஆட்டி விரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது வயசுக்காரி விரட்டினால் மேகம் போய்விடும் என்றுதான் நினைத்தேன். சில நாள் போகவும் செய்தது, அதனால் எனக்குத் திமிர் கூடிப்போனது.

எல்லாவற்றுக்கும் காரணம் மாமா கொண்டுவந்த குழாய்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ரியாத்தில் ஏசி மெக்கானிக். அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், மேலே ஒரே மொட்டை மாடி. அந்த வருஷம் நோன்புக்கு லீவு கிடைத்து வந்தவர், வழக்கமான பாதாம், பேரீச்சம்பழம், கம்பளியோடு இரண்டு புதுமையான சாமான்களையும் இறக்கினார். ஒன்று மாமிக்கு: தலைமுடி காயவைக்கிற மிஷின். இந்த ஊர் வெயிலில் முடி காய மிஷினா என்று மாமி அந்தப் பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை, அப்படியே பீரோ மேலே ஏற்றிவிட்டாள். இன்னொன்று, வெள்ளையாக, நீளமாக, மூன்று கால் வைத்து நிற்கிற தொலைநோக்கி. முதலாளி வீட்டுப் பையன் விளையாடிச் சலித்துத் தூக்கிப்போட்டதாம். எதற்கு இது என்று அத்தா, அதாவது என் அப்பா, கேட்டார். வானம் பார்க்க என்றார் மாமா. வானம் சும்மாவே தெரிகிறதே என்று சொல்லிவிட்டு அத்தா பேப்பருக்குள் போய்விட்டார்.

அந்தக் குழாயில் கண் வைக்கிற பக்கம் இருக்க வேண்டிய ஏதோ ஒரு வளைந்த துண்டு தொலைந்துபோயிருந்தது. அதனால் எல்லாமே தலைகீழாகத் தெரியும். முதல் நாள் மாமா அதை மாடியில் நிறுத்தி, எங்களுக்கு மேற்கே இருந்த ஆளில்லாத பெரிய செட்டியார் வீட்டின் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த வீட்டு உச்சியில் சுதையில் செய்த லெட்சுமி ஒன்று உண்டு, இரண்டு பக்கமும் யானை. குழாயில் பார்த்தால் லெட்சுமி தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வயிறு வலிக்கிற வரைக்கும் சிரித்தேன். இந்தக் குழாய் எனக்காகத்தான் கொண்டுவரப்பட்டது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் வேறு யாருக்காக இருக்க முடியும்?

வானம் பார்ப்பது என்றால் நிமிர்ந்து பார்ப்பதுதானே என்று இருந்தேன். அது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பது நோன்பு திறந்த பிறகு மாமாவோடு நின்றபோதுதான் தெரிந்தது. மாடியில் வைத்தால் பகலெல்லாம் வெயில் குடித்த தளம் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். நட்சத்திரம் உலைச்சோறு மாதிரி கொதிக்கும். சரி என்று குழாயைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனோம். கிணற்றடி மண் குளிர்ச்சி, கொதிப்பு அடங்கியது. ஆனால் முருங்கைமரம் பாதி வானத்தை வைத்துக்கொண்டு தரவில்லை. மீதிப் பாதியில் ஆடிக் காற்று. காற்று அடித்தால் குழாய் நடுங்கும், குழாய் நடுங்கினால் சனிக்கோள் தையல் மிஷின் ஊசி மாதிரி மேலும் கீழும் குதிக்கும். காற்று நின்றால் செம்மண் புழுதி கீழ்வானத்தில் படலமாகத் தங்கிவிடும். எல்லாம் சரியாக அமைகிற அன்றைக்கு மேகம் வரும்.

ஒரே ஒரு நாள் சனி அசையாமல் நின்றது, வளையத்தோடு. தெருவையே கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு ஆசாரி வீட்டம்மா மட்டும் வரமாட்டேன் என்று சுவருக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். "அது நம்மளப் பாக்குறது போதாதா, நாம வேற போயி அதப் பாக்கணுமாக்கும்" என்றார்.

இதற்கிடையில்தான் டிக்கெட் விவகாரம் வெளியே வந்தது. அரபு நாட்டில் பிறை முந்தித் தெரியும், இங்கே மறுநாள் தெரியும். அதனால் நோன்பும் பெருநாளும் அவர்களுக்கு ஒரு நாள் முன்னால் வந்துவிடும். இது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் டிக்கெட் போட்ட அன்றைக்கு மறந்துபோனது. அங்கத்துக் காலண்டரைப் பார்த்து, வியாழக்கிழமை பெருநாள், வெள்ளிக்கிழமை ஓய்வு, ராத்திரி கிளம்பித் திருச்சியில் விமானம் ஏறலாம் என்று கணக்குப் போட்டிருந்தார். எங்களுக்கோ வியாழக்கிழமை இருபத்தொன்பதாவது நோன்பு. அன்று சாயங்காலம் பிறை தெரிந்தால் வெள்ளிக்கிழமை பெருநாள், மாமா எங்களோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். தெரியாவிட்டால் முப்பது நோன்பு, சனிக்கிழமை பெருநாள். அன்றைக்கு மாமா மேகத்துக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருப்பார். டிக்கெட் கம்பெனி எடுத்துக் கொடுத்தது, ஒரு நாள்கூட நகர்த்த முடியாதாம்.

மாமி இதைக் கேட்டுச் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் மாமா பிழைத்திருப்பார். பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வைப்பாள், சட்டை தேய்த்து வைப்பாள், வார்த்தை மட்டும் வராது. அடுப்படியில் அம்மாவிடம் அவள் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கல்யாணம் முடிச்ச நாள்லேருந்து அவுகளுக்கு நேத்துப் பெருநாள், எனக்கு இன்னைக்குப் பெருநாள். அவுக போன்ல வாழ்த்துச் சொல்றப்ப நான் நோன்போட இருப்பேன். நான் சொல்றப்ப அவுக வேலைக்குப் போயிருப்பாக. இந்த ஒரு தடவையாச்சும் ஒரே நாள்ல இருப்பம்னு நெனச்சேன் மைனி."

எனக்கு அதில் பாதிதான் விளங்கியது. ஆனால் மாமா இல்லாத பெருநாளில் குழாயை நிறுத்திக் காட்டுகிற ஆளும் இருக்காது, பெருநாள் காசை ரூபாய் நோட்டாகக் கொடுக்கிற ஆளும் இருக்காது என்பது நன்றாகவே விளங்கியது. அதனால் பிறை தெரிந்தே ஆகவேண்டும் என்று நானும் கச்சை கட்டிக்கொண்டேன்.

இதில் இன்னொரு சிக்கல். மாமாவின் டிக்கெட் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் போவோர் வருவோரெல்லாம், என்ன மாப்ள, பிறைக்கு டிக்கெட் போட்டாச்சா என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆகவே மாமா பிறையைப் பார்த்தேன் என்று சொன்னால் சாட்சி கேட்டுப் பெருநாளை முடிவு செய்கிற பள்ளிவாசல் ஜமாஅத்தில் ஒருவரும் நம்பப் போவதில்லை. நானோ சின்னப் பிள்ளை, என் சாட்சி செல்லாது. அத்தா இருக்கிறார். ஆனால் அவர் மைத்துனனுக்காகப் பாதி வார்த்தைகூடக் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை. கடையில் ஒரு பிளாஸ்டிக் வாளியை விற்கும்போதே, இது ஒரு வருஷத்துக்கு மேல் உழைக்காது என்று தானாகவே சொல்லிவிடுகிறவர்.

வியாழக்கிழமை காலையில் வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. மாமா குழாயைக் கம்பளியில் சுற்றி, வீட்டிலேயே விலை கூடிய இடமான ஏசி அறைக்குள் பத்திரமாகப் படுக்கவைத்து, ஏசியையும் போட்டுவிட்டார். வெளிநாட்டுச் சாமான் வெக்கையில் கெட்டுப்போகுமாம். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் திரும்பும்போது திருப்பத்தூர்ப் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நான் மாடியில் நின்று என்னால் முடிந்த மட்டும் விரட்டினேன். மேகம் என்னைச் சட்டை செய்யவே இல்லை. இடி இடித்து, வீதியெல்லாம் செம்மண் குழம்பாக ஓடுகிற அளவுக்குக் கொட்டித் தீர்த்தது. தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடியது. நான் நனைந்துகொண்டே அழுதேன். மாமா என்னை வந்து தூக்கிக்கொண்டு போனார்.

"பெய்யட்டும் புள்ள. ஆடிப் புழுதி பூராவும் கழுவிட்டுப் போகட்டும்" என்றார்.

டிக்கெட் கவலையில் இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பு திறக்கிற நேரத்துக்கு மழை விட்டது. கஞ்சியைக் குடித்துவிட்டு ஆண்கள் மஃரிப் தொழுகைக்குப் போனார்கள். திரும்பி வரும்போதே அத்தாவின் போனுக்கு ஊர் ஊராகச் சேதி வந்துகொண்டிருந்தது. சிவகங்கையில் தெரியவில்லை, இளையான்குடியில் தெரியவில்லை, எங்கேயும் மேகம். மாமா எதையும் காதில் வாங்காமல், கம்பளியோடு குழாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறினார். பின்னாலேயே அத்தா, அம்மா, நான். மாமி மட்டும் படிக்கட்டு முகப்பில் நின்றுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பள்ளிவாசல் செயலாளரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வந்தார். தெருவுக்கே பெரியவர். அப்போதுதான் மதுரைக்குப் போய்க் கண்ணில் புரை எடுத்துவிட்டு வந்திருந்தார். பிறை பார்க்க அவர் வரவில்லை. குழாயில் பிறை பார்க்கிறார்களாமே என்று கேள்விப்பட்டுத் தடுக்க வந்திருந்தார். பிறையைக் கண்ணால் பார்க்க வேண்டும், குழாயால் பார்த்தால் செல்லாது என்பது அவர் கட்சி. தேடுவதற்குத்தான் குழாய், பார்ப்பது கண்ணால்தான் என்று மாமா பணிவாகச் சொல்லிப் பார்த்தார். டிக்கெட் போட்ட ஆள் பேசுகிற பேச்சில் மார்க்கம் எது, விமானம் எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டதும் மாமா குழாயின் மூன்று காலையும் விரித்து நிறுத்தப் போய்விட்டார்.

அப்போதுதான் மேற்கே மேகத்தில் ஒரு கிழிசல் விழ ஆரம்பித்தது. மாமா குழாயை அங்குட்டுத் திருப்பினார், நான் முந்திக்கொண்டு கண்ணை வைத்தேன். உள்ளே ஒரே வெள்ளை. பால் ஊற்றிவைத்த மாதிரி. வெளியே பார்த்தேன், கிழிசல் இருந்தது. உள்ளே பார்த்தேன், வெள்ளை.

"மாமா, மேகம் குழாய்க்குள்ள புகுந்துருச்சு."

மாமா குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்து நெற்றியில் அடித்துக்கொண்டார். நாள் முழுக்க ஏசியில் கிடந்து ஜில்லிட்ட கண்ணாடி, மழை ஈரத்தில் வெளியே வந்ததும் முழுக்க வேர்த்துவிட்டது. கைக்குட்டையால் துடைத்தார், துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. ஊரில் இருக்கிற ஏசிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக், தன் ஏசியில் ஏமாந்துபோனார். அத்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழிசல் எவ்வளவு நேரம் இருக்கும்?

மாமா துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போது படிக்கட்டிலிருந்து மாமி வந்தாள். ஒரு கையில் ஜங்ஷன் பாக்ஸ் வயர், இன்னொரு கையில் அந்த முடி காயவைக்கிற மிஷின். பெட்டியைப் பிரித்த அட்டைகூட அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்தாங்க. என் தலைக்குத்தான் ஆகல, இதுக்காச்சும் ஆகட்டும்" என்றாள்.

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு அது. மாமா மிஷினை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபமாக வந்தது. பிறை போய்விடப் போகிறது, இந்த ஆள் மாமியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே!

மிஷின் சத்தம் போட்டுச் சூடான காற்றை ஊதியது. கண்ணாடி தெளிந்தது, நிறுத்தினால் மறுபடி மங்கியது. அதனால் மாமா முன்பக்கம் நின்று ஊதிக்கொண்டே இருக்க, மாமி வயரைப் பிடித்துக்கொள்ள, கண் வைக்கிற உத்தியோகம் எனக்கு வந்தது. அத்தா குழாயை மெல்ல நகர்த்தினார். முதலில் மேகத்தின் ஓரம். பிறகு லெட்சுமியின் கிரீடம், கீழ்நோக்கித் தொங்கியபடி. அதைத் தாண்டிக் கொஞ்சம் போனதும் நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"பிறை... பிறை தெரியுது. கவுந்து கெடக்கு" என்றேன்.

செயலாளர் சிரித்துவிட்டார். "பிறை என்னைக்குத்தான் கவுந்து கெடந்துச்சு? மல்லாந்துல்ல கெடக்கும்" என்றார். பிள்ளைக்கு ஆசை, ஆசைப்பட்டது கண்ணுக்குத் தெரிகிறது என்று அத்தாவிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அம்மா என் தோளைத் தொட்டு, வா என்றாள்.

மாமா மிஷினை நிறுத்தினார். "கவுந்தா கெடக்கு? நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார்.

மல்லாந்து கிடக்கிறது என்று மாற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படிச் சொன்னால்தான் நம்புவார்கள் போலிருந்தது. மறுபடி கண்ணை வைத்தேன். அது கவிழ்ந்துதான் கிடந்தது, நான் என்ன செய்ய?

"கவுந்துதான் மாமா கெடக்கு" என்றேன், அழுகிற குரலில்.

மாமா கத்திய கத்தலில் ஆசாரி வீட்டு நாய் குரைத்தது. "அப்ப அது பிறைதான்! இந்தக் குழாயில செட்டியார் வீட்டு லெட்சுமியே தலகீழாத்தான் நிக்கிது. பொய் சொல்ற புள்ளையா இருந்தா மல்லாந்து கெடக்குன்னுல சொல்லியிருக்கும்!"

அத்தா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். குழாயை விட்டு விலகி, அது பார்க்கிற திசையிலேயே நின்று பார்த்தார். மாமா செயலாளரின் இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, குழாய் எங்குட்டுப் பார்க்கிறதோ அங்குட்டு உங்கள் கண்ணால் பாருங்கள், குழாய் வேண்டாம் என்றார். பெரியவர் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மேற்கே பார்த்தார். ஆடிப் புழுதி இருந்திருந்தால் அந்த உயரத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது. மழை கழுவிய வானத்தில் லெட்சுமியின் விரல்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

"லெட்சுமி தலைக்கு மேல..." என்று ஆரம்பித்தார் பெரியவர். "மேல ஒரு சாண்..." அவர் உதடு துஆ ஓதியது. புரை எடுத்த புதுக் கண்ணில் நீர் நின்றது. அவர் முடிப்பதற்குள் அத்தா மெதுவாக, "ஆமா, நானும் பாத்துட்டேன்" என்றார். அத்தா பார்த்தேன் என்றால் பார்த்ததுதான்.

குழாயில் கவிழ்ந்து கிடந்தது, வெறும் கண்ணுக்குப் படகு மாதிரி மல்லாந்து கிடந்தது. அம்மா பார்த்தாள். அடுத்தடுத்த மாடிகளிலிருந்தெல்லாம் சத்தம் கேட்டது. மாமி கடைசியாகப் பார்த்தாள், வயரைக் கையிலிருந்து விடாமல். கொஞ்ச நேரத்தில் மேகம் கிழிசலைத் தைத்து மூடிக்கொண்டது. ஆனால் வேலை முடிந்துவிட்டது. அத்தாவும் செயலாளரும் பள்ளிவாசலுக்கு நடந்தார்கள். பிறையை எங்கே பார்த்தீர்கள் என்று ஜமாஅத்தில் கேட்டதற்கு, ஆயுசில் ஐந்து வேளைத் தொழுகை தவறாத அந்தப் பெரியவர், லெட்சுமி தலைக்கு மேலே ஒரு சாண் என்று கணீரென்று சாட்சி சொன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லி அத்தா ஒரு வருஷம் சிரித்தார்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெருநாள் தக்பீர் முழக்கம் கேட்டதும் வீடு தலைகீழானது. வெங்காயம் வந்தது, இஞ்சி வந்தது, அம்மா பெரிய சட்டியை இறக்கினாள், அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அடுப்படியில் கூடிவிட்டார்கள். வருகிறவர்களிடமெல்லாம் பிறையை முதலில் பார்த்தது நான்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாமாவையும் மாமியையும் மட்டும் காணோம். தேடிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

இரண்டு பேரும் குழாய்க்குப் பக்கத்தில் நின்றார்கள். மாமி குனிந்து அதில் கண்ணை வைத்திருந்தாள். மாமா அவள் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறை எப்போதோ செட்டியார் வீட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு வானம் முழுக்க மேகம். என்ன மாமி தெரிகிறது என்று கேட்டேன். பிறை என்றாள், கண்ணை எடுக்காமலே. நான் குழாயின் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். தூறல் விழாமலிருக்க மாமா மாட்டிய மூடி அப்படியே இருந்தது!

இத்தனை நாள் தளச்சூடு, ஆடிக் காற்று, புழுதி, ஈரம் என்று எனக்குக் கதை கதையாகச் சொன்ன மனுஷனுக்கு, மூடியைக் கழற்ற வேண்டும் என்பது தெரியவில்லை. நானே கழற்றி மாமி கையில் வைத்தேன். இப்போது பாருங்கள், பளிச்சென்று தெரியும் என்றேன். மாமி மூடியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

"இவ்வளவு நேரமும் நல்லாத்தான் புள்ள தெரிஞ்சுச்சு" என்றாள்.

இந்த அநியாயத்தை நான் கீழே ஓடிப்போய் அடுப்படியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தேன். மூடியைக் கழற்றாமலே ரெண்டு பேரும் வானம் பாக்குறாக என்றேன். பெண்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து சிரித்தார்கள். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, இனிமேல் மாடிக்குப் போகக்கூடாது என்று என்னை இழுத்து உட்காரவைத்து, ஒரு முறம் வெங்காயத்தை மடியில் வைத்தாள். பிறையை முதலில் பார்த்தவளுக்கு வெங்காயம் உரிக்கிற தண்டனையா என்று கேட்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

நான் உரித்துக்கொண்டே யோசித்தேன். மேகம் மூடியிருக்கிறது, பிறை இறங்கிவிட்டது, குழாயில் மூடி வேறு. அப்புறம் மாமிக்கு எப்படித் தெரிந்தது? முறம் காலியாகிற வரைக்கும் யோசித்தும் எனக்குப் பிடிபடவே இல்லை.